கப்பல் கழிவுநீர் நிலையம் தகராறு செய்கிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு நேற்று வந்த தண்ணீர்தான் இன்றும் வரும். கப்பல்களின் கழிவை வாங்கிச் சுத்திகரிக்கும் துறைமுக நிலையத்தில் அப்படி இல்லை. காலையில் சரக்குக் கப்பலின் பில்ஜ் நீர் (என்ஜின் அறையின் அடியில் தேங்கும் எண்ணெய் கலந்த நீர்), மதியம் பயணிகள் கப்பலின் கழிப்பறைக் கழிவு, ராத்திரி டேங்கர் கழுவிய நீர் என்று வரிசை மாறிக்கொண்டே இருக்கும். ஒன்று எண்ணெய், ஒன்று உப்பு, ஒன்று சோப்பு. அதனால் இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை மெஷினில் பிறப்பதில்லை, ஹோஸ் வழியாக உள்ளே வருகின்றன.

எனவே வால்வைத் திருகுவதற்கு முன், மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், வரத்துப் பதிவேட்டைத் திறங்கள். எந்தக் கப்பல், அதன் எந்த டேங்க், எத்தனை கன மீட்டர், நம்முடைய எந்த டேங்கில் இறக்கினோம், அதில் ஏற்கெனவே என்ன இருந்தது? கலப்பதற்கு முன் எடுத்து வைத்த ஒரு பாட்டில் மாதிரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பழக்கம் இல்லாத நிலையத்தில் கீழே சொல்லும் எதைச் செய்தாலும் அது ஊகம்தான்.

ஹோஸ் பொருந்தவில்லை, அல்லது வரத்து மிக மெதுவாக இருக்கிறது

ஃபிளேஞ்சை (குழாய் முனையில் போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தை) அளந்து பாருங்கள். கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை எண்ணெய்க் கழிவுக்கும் கழிப்பறைக் கழிவுக்கும் வேறு வேறு இணைப்பு வைத்திருக்கிறது. எண்ணெய்க்கான ஃபிளேஞ்ச் வெளி விட்டம் 215 மி.மீ., போல்ட் வட்டம் 183 மி.மீ., 22 மி.மீ. துளை ஆறு. கழிப்பறைக் கழிவுக்கானது 210 மி.மீ., போல்ட் வட்டம் 170 மி.மீ., 18 மி.மீ. துளை நான்கு. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இந்த வித்தியாசம் நல்லதுக்குத்தான், ஹோஸ் மாறிப் போவதை அது தடுக்கிறது. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி அடாப்டர் செய்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பொருந்தியும் மெதுவாக வருகிறதென்றால், எண்ணெய்க் கசடாக இருந்தால் அது குளிர்ந்து கெட்டியாகியிருக்கும், கப்பலில் அந்த டேங்கைச் சூடாக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக் கழிவாக இருந்தால் குழாயின் உள்ளே படிவு இருக்கலாம். கடல்நீர் விட்டுக் கழுவும் கப்பல்களில் கடல்நீரின் மக்னீசியமும் சிறுநீரின் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். கப்பலில் இதைக் கரைக்க அமிலம் விடுவார்கள். அந்த அமில நீர் கழிவோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த அறிகுறியில்.

டேங்க் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம்

கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் போனால்தான் சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவைக் கடலில் விடலாம், அதுவும் கப்பல் குறைந்தது 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருக்க வேண்டும். அரைத்துக் கிருமி நீக்கிய கழிவென்றால் 3 மைல் போதும். நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பலுக்கு இரண்டுமே முடியாது. நாட்கணக்கில் டேங்கில் கிடந்த கழிவில் பிராணவாயு தீர்ந்துவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. பாக்டீரியா அதை எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. பழைய பில்ஜ் நீரிலும் இதே கதைதான்.

நாற்றம் அடித்தால் எச்சரிக்கை. அடித்துக்கொண்டிருந்த நாற்றம் திடீரென்று நின்றால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை. 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் மூக்கின் உணர்வு மரத்துவிடும், அதே 100 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. வாயு காற்றைவிடக் கனமானது, குழியிலும் டேங்கின் அடியிலும் தங்கும். மீட்டர் இல்லாமல் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கி அடுத்தவரும் விழுவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிற விபத்து. சுவாசக் கருவி மாட்டாமல் உள்ளே இறங்காதீர்கள்.

சுத்திகரிப்புப் பக்கம் செய்ய வேண்டியது இது. அந்த டேங்கின் நீரை அமிலம் சேர்க்கும் எந்தத் தொட்டிக்கும் அனுப்பாதீர்கள். பி.எச். இறங்கினால், அதாவது நீர் அமிலமானால், நீரில் கரைந்திருக்கும் சல்ஃபைடு முழுவதும் வாயுவாகக் கிளம்பிவிடும். மூடிய தொட்டியில் காற்றோட்டம் கொடுத்து, வெளியேறும் காற்றைக் காரக் கரைசலிலோ கரி வடிகட்டியிலோ விட்டு எடுங்கள். இல்லையென்றால் ஃபெரிக் குளோரைடு போட்டு இரும்பு சல்ஃபைடாகப் பிடித்துவிடலாம். தண்ணீர் கறுப்பாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பில்ஜ் நீரில் எண்ணெய் மேலே பிரியவில்லை, தண்ணீர் பால் நிறத்திலேயே நிற்கிறது

அதிக நேரத்தையும் மருந்தையும் தின்கிற கோளாறு இதுதான். பிரிதொட்டியைக் குறை சொல்லத் தோன்றும். ஆனால் பழைய செவ்வகப் பிரிதொட்டிகள் 150 மைக்ரான் துளிகளைப் பிடிக்கத்தான் வடிவமைக்கப்பட்டவை. துளியின் விட்டம் பாதியானால் மேலே ஏறும் வேகம் கால்பங்காகிவிடும். 20 மைக்ரானுக்குக் கீழே போன துளி அந்தத் தொட்டியில் ஏறாது, நீங்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் சரி.

துளி ஏன் அவ்வளவு சிறிதாகிறது? முதல் சந்தேகம் சோப்பு. என்ஜின் அறையைக் கழுவிய திரவம் பில்ஜில்தான் போய்ச் சேரும். இரண்டாவது பம்ப். வேகமாகச் சுழலும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் எண்ணெயையும் நீரையும் அடித்துக் கலக்கிவிடுகிறது. உங்கள் டேங்கிலிருந்து பிரிதொட்டிக்குத் தள்ளும் பம்ப் அந்த வகையாக இருந்தால், கப்பல் ஒழுங்காகக் கொடுத்ததை நீங்களே கெடுக்கிறீர்கள். அந்த இடத்தில் ஸ்க்ரூ பம்பையோ டயஃபிரம் பம்பையோ மெதுவாக ஓட்டுங்கள். மூன்றாவது, நுண்ணிய துருவும் கரித்தூளும். அவை துளியின் மேல் ஒட்டிக்கொண்டு, ஒரு துளி இன்னொன்றோடு சேரவிடாமல் தடுக்கும்.

எது காரணம் என்று பார்க்க நான்கு கண்ணாடி பாட்டில் போதும். ஒன்றைக் குலுக்கிவிட்டுப் பாருங்கள், நுரை நெடுநேரம் நின்றால் சோப்பு இருக்கிறது. இரண்டாவதைத் தொடாமல் ஒரு நாள் வையுங்கள். மூன்றாவதை வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள், நெருப்பு வேண்டாம். நான்காவதில் காற்றுறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து கந்தக அமிலம் விட்டு பி.எச். 2 முதல் 3 வரை இறக்குங்கள். சும்மா வைத்ததே பிரிந்தால் குறை உங்கள் பம்பிலோ தங்கல் நேரத்திலோ இருக்கிறது, மருந்துச் செலவு வேண்டாம். சூட்டில் மட்டும் பிரிந்தால் சூடேற்றும் டேங்கில் விடுங்கள். அமிலத்தில்தான் பிரிகிறதென்றால் அது சோப்புக் கலவை, அமிலமோ ஃபெரிக் குளோரைடு மாதிரி உப்போ போட்டு உடைக்க வேண்டியதுதான். எதிலுமே பிரியாவிட்டால் திடத்துகளைச் சந்தேகித்து மையவிலக்குக் கருவியில் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கப்பல்களில் எரிக்கும் கனமான எண்ணெயின் அடர்த்தி கன மீட்டருக்கு 991 கிலோ வரை இருக்கலாம், சில ரகங்களுக்கு 1010 வரை அனுமதி உண்டு. கடல்நீரின் அடர்த்தி சுமார் 1025. அதில் 991 கிலோ எண்ணெய் மிதக்க 34 கிலோ வித்தியாசம் உதவுகிறது. அதே டேங்கில் குளியல் நீரையோ மழைநீரையோ கலந்து உப்பைக் குறைத்துவிட்டால் வித்தியாசம் 9 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஏறும் வேகமும் ஏறக்குறைய கால்பங்காகும். 1010 ரகம் நன்னீரில் மூழ்கியே போகும். "எண்ணெய் வரவே இல்லை" என்று சொல்கிற டேங்கின் அடியிலிருந்து மாதிரி எடுத்தால் தார் மாதிரி வருவதற்கு இதுதான் காரணம். இடம் போதவில்லை என்று பில்ஜ் நீரோடு நன்னீரைச் சேர்க்காதீர்கள்.

டி.ஏ.எஃப். தொட்டியில் எண்ணெய்ப் படலம் திரளவில்லை, திரண்டாலும் மூழ்குகிறது

டி.ஏ.எஃப். என்பது அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரை விட்டு, நுண்குமிழிகளால் எண்ணெயை மேலே தூக்கும் தொட்டி. முதலில் காற்றைப் பாருங்கள், மருந்தை அல்ல. மறுசுழற்சி அழுத்தம் 4 முதல் 6 பார் இருக்கிறதா? உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் வெண்மேகம் மாதிரி கலங்கித் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய குமிழி கொதிப்பது போல் வந்தால் காற்று கரையவில்லை, அந்தக் குமிழி திரளை உடைக்கத்தான் செய்யும். உப்பும் சூடும் அதிகமான நீரில் காற்று குறைவாகக் கரையும், எனவே சூடாக்கிய பில்ஜ் நீரை அப்படியே டி.ஏ.எஃப்.-க்கு விட்டால் இந்தச் சிக்கல் வரும்.

காற்று சரி என்றால் அப்புறம் ஜார் டெஸ்ட், அதாவது வரிசையாகப் பீக்கர்களில் வெவ்வேறு அளவு மருந்து போட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு புதிய வரத்துக்கும் இதைச் செய்யுங்கள். நேற்றைய அளவு இன்றைய கப்பலுக்கு ஒத்துவராது. படலம் சரியில்லை என்றதும் கோயாகுலண்டை (துளிகளைத் திரட்டும் மருந்தை) கூட்டுவது பொதுவான பழக்கம். அளவு மீறினால் துளிகளின் மின்னேற்றம் எதிர்ப்பக்கம் திரும்பி மறுபடியும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். ஜார் வரிசையில் நடுப் பீக்கர் தெளிந்து, கடைசிப் பீக்கர் மறுபடி கலங்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பி.எச்.-ஐச் சரிசெய்யாமல் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதும் காசைத் தண்ணீரில் கொட்டுகிற வேலை.

15 பி.பி.எம். மீட்டர் அலறுகிறது, ஆய்வகம் எண்ணெய் இல்லை என்கிறது

நீரில் எண்ணெய் 15 பி.பி.எம்.-ஐத் தாண்டினால் எச்சரிக்கும் இந்த மீட்டர்களில் பல ஒளி சிதறுவதை வைத்து அளப்பவை. துருத்தூள், நுண்குமிழி, இரும்பு மருந்தின் மிச்சம் எல்லாம் அதற்கு எண்ணெய்தான். சுத்த நீர் விட்டுப் பூஜ்யம் வருகிறதா பாருங்கள், கண்ணாடிக் குழாயைத் துடையுங்கள், பிறகு கருவிக்கு முன் ஒரு வடிகட்டி வைத்துப் பாருங்கள். அளவு சட்டென்று விழுந்தால் அது திடத்துகள்.

எதிர்ப்பக்கமும் நடக்கும், மீட்டர் சும்மா இருக்க ஆய்வகம் அதிகம் காட்டும். அப்போது எந்த முறையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். "எண்ணெய் மற்றும் கிரீஸ்" என்று எடை பார்க்கிற முறை சமையலறைக் கொழுப்பையும் சேர்த்துக் கணக்கிடும். ஐ.எஸ்.ஓ. 9377-2 மாதிரி குரோமடோகிராஃப் முறை பெட்ரோலிய ஹைட்ரோகார்பனை மட்டும் பார்க்கும். மாதிரியைப் பிளாஸ்டிக் கேனில் கொடுத்திருந்தால் அந்த எண்ணை விட்டுத்தள்ளுங்கள், எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சி.ஓ.டி. எகிறுகிறது, ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது

காரணம் குளோரைடு. சி.ஓ.டி. என்பது நீரில் உள்ள மாசை ஆக்சிஜனேற்ற எவ்வளவு பிராணவாயு தேவை என்ற அளவு. சோதனையில் போடும் டைக்ரோமேட், உப்பில் உள்ள குளோரைடையும் சேர்த்து ஆக்சிஜனேற்றிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு உண்டு. அதைத் தடுக்காமல் விட்டால் சுத்தமான கடல்நீரே கணக்குப்படி 4,300 மி.கி. வரை சி.ஓ.டி. காட்ட முடியும். கடையில் வாங்கும் சோதனைக் குப்பிகளில் இருக்கும் பாதரச சல்ஃபேட் பொதுவாக 2,000 மி.கி. குளோரைடு வரைதான் தாங்கும். ஆகவே நீரின் கடத்துதிறனை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) முதலில் அளந்து, அதற்கேற்ப மாதிரியை நீர்த்து, குறைந்த அளவுக்கான குப்பியில் பாருங்கள். கடல்நீர் அதிகம் வருகிற நிலையமாக இருந்தால் டி.ஓ.சி. (மொத்தக் கரிமக் கார்பன்) கருவி வாங்குவது நல்லது. இல்லாத மாசை நீக்கப் பல மாதம் காற்று ஊதிக்கொண்டிருக்கும் நிலையங்களில் இந்த ஒரு எண்தான் தப்பாக இருக்கும்.

ஏரேஷன் தொட்டி: நுரை, கலங்கல், படியாத கசடு

கழிவைத் தின்னும் பாக்டீரியாத் திரளுக்கு (இங்கே கசடு என்பது அதுதான்) காற்று ஊதும் தொட்டி இது. மூன்றையும் ஒரே தலைப்பில் வைக்கிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: கரைந்த பிராணவாயு ஏறியதா, இறங்கியதா?

ஊதுகிற காற்றை மாற்றாமலேயே பிராணவாயு அளவு ஏறினால் பாக்டீரியா மூச்சுவிடவில்லை. விஷம், அல்லது உப்பு அதிர்ச்சி. அளவு இறங்கி நாற்றமும் வந்தால் உணவு அதிகமாகிவிட்டது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் காற்றைக் கூட்டினால், முதல் வகையில் மின்சாரம்தான் போகும். உறுதிசெய்ய, கசடுக் கலவையை ஒரு பாட்டிலில் எடுத்துக் காற்றூட்டி மூடி, பத்து நிமிடத்தில் பிராணவாயு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். இன்னொரு பாட்டிலில் சந்தேகப்படும் வரத்து நீரைக் கொஞ்சம் சேர்த்து இதையே செய்யுங்கள். இரண்டாவதில் வீழ்ச்சி மந்தமானால் குற்றவாளி பிடிபட்டான்.

உப்பு அதிர்ச்சி என்றால்: பாக்டீரியா கடல்நீர் அளவு உப்பிலும் வாழப் பழகும். பழகாதது திடீர் மாற்றத்துக்கு. உப்பு ஏறினாலும் சரி, உப்பில் பழகிய கசடுக்கு நன்னீர் வந்தாலும் சரி, செல்கள் உடைந்து தண்ணீர் கலங்கும், நுண்ணோக்கியில் நீந்துகிற புரோட்டோசோவா காணாமல் போகும். அவசரப்பட்டுக் கசடை வெளியே கொட்டாதீர்கள். வரத்தை நிறுத்தி, காற்றை மட்டும் ஓட்டுங்கள். பிறகு சமன்படுத்தும் தொட்டியில் கடத்துதிறன் மீட்டர் வைத்து, உப்பை நாள் பட மெதுவாக ஏற்றுங்கள். உப்புநீர் பிராணவாயுவையும் குறைவாகவே பிடிக்கும். 20 டிகிரியில் நன்னீர் 9.1 மி.கி., கடல்நீர் சுமார் 7.4 மி.கி. நன்னீருக்குக் கணக்குப் போட்ட ஊதுகுழாய்கள் இங்கே பற்றாமல் போகலாம்.

தெளிதொட்டியில் கசடு திடீரென்று மேலே வந்து வழிகிறதென்றால் அது எப்போதும் கசடின் குறை அல்ல. கனமான உப்புநீர் ஒரே தவணையில் நுழைந்தால் அது அடியில் ஓடி, படுத்திருக்கும் கசடைக் கிளப்பிவிடும். கசடுப் பருமன் குறியீடு (ஒரு கிராம் கசடு படிந்தபின் பிடிக்கும் மி.லி. இடம்) 150-ஐத் தாண்டியிருந்தால்தான் இழை பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். அதற்குக் கொழுப்பும் நாட்பட்ட சல்ஃபைடும் தீனி.

நுரையின் நிறத்தையும் பாருங்கள். வெள்ளையாக, லேசாக இருந்தால் சலவை சோப்பு அல்லது இளம் கசடு. பழுப்பாக, கெட்டியாக இருந்தால் கொழுப்பும் இழைகளும். வெள்ளை நுரை நாள்கணக்கில் அடங்காவிட்டால் தீயணைப்பு நுரைத் திரவம் வந்ததா என்று விசாரியுங்கள். பி.எஃப்.ஓ.எஸ். என்ற எளிதில் சிதையாத ஃப்ளோரின் வேதிப்பொருள் கலந்த தீயணைப்புத் திரவத்துக்கு 2026 ஜனவரி 1 முதல் சோலாஸ் (கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கை) விதிகளில் தடை இருப்பதால், பழைய சரக்கைக் கப்பல்கள் கரையில் இறக்க வேண்டியிருக்கிறது. அதை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. கலக்காமல் தனி டிரம்மில் வாங்கி, அதற்கென்று இருக்கும் அழிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

அம்மோனியா இறங்கவில்லை

வெற்றிடக் கழிப்பறைக் கழிவில் தண்ணீர் குறைவு, நைட்ரஜன் செறிவு அதிகம். பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றச் சுமார் 7.1 மி.கி. காரத்தன்மை செலவாகும். பி.எச். இறங்கிக்கொண்டே போனால் பாக்டீரியாவிடம் குறையில்லை, காரத்தன்மைக்குச் சோடா உப்பு போடுங்கள். பி.எச். நன்றாக இருந்தும் அம்மோனியா நின்றால், கப்பலில் பயன்படுத்திய கிருமிநாசினியைக் கேளுங்கள். குவாட்டர்னரி அம்மோனியம் வகை திரவங்கள் அம்மோனியாவை மாற்றும் இந்தப் பாக்டீரியாவை முதலில் தாக்கும்.

மெம்பரேன் அழுத்தம் ஏறுகிறது

மெம்பரேன் என்பது நீரை வடிக்கும் நுண்துளைச் சவ்வு. அழுத்தம் ஒரே நாளில் ஏறினால் எண்ணெய் நுழைந்துவிட்டது, முன்னால் இருக்கும் பிரிப்பைச் சரிசெய்யாமல் கழுவிப் பயனில்லை. வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம், உயிர்ப்படலத்துக்கு ஹைப்போகுளோரைட். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நன்றாக அலசிவிட்டு மட்டும். கலந்தால் குளோரின் வாயு வரும்.

கிருமி நீக்கிய பிறகும் கோலிஃபார்ம்

கோலிஃபார்ம் என்பது மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா. கிருமிநாசினி குளோரினாக இருந்தால் அம்மோனியாவும் சல்ஃபைடும் அதை முன்னாலேயே தின்றுவிட்டிருக்கும். மேலே சொன்ன இரண்டையும் சரிசெய்யுங்கள். யு.வி. விளக்காக இருந்தால் உறையில் படிந்த இரும்புக் கறையைத் துடையுங்கள், ஃபெரிக் மருந்து மிகுந்தால் அப்படித்தான் ஆகும். அப்புறம் ஒரு விஷயம்: 100 மி.லி.-க்கு 100 கோலிஃபார்ம், பி.ஓ.டி. (பாக்டீரியா மாசைத் தின்னத் தேவைப்படும் பிராணவாயு) லிட்டருக்கு 25 மி.கி., சி.ஓ.டி. 125 மி.கி. என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எம்.இ.பி.சி. 227(64) தீர்மானத்தில் இருப்பவை கப்பலில் பொருத்தும் கருவிக்கான அளவுகள். கரையில் இருக்கும் நிலையத்துக்கு அதன் உரிமத்தில் எழுதியிருப்பதுதான் அளவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆய்வக அறிக்கையோடு சண்டை போட வேண்டாம்.

கப்பல் சொன்ன அளவும் நாம் வாங்கிய அளவும் ஒத்துவரவில்லை

முன்னறிவிப்புப் படிவம் 24 மணி நேரம் முன்னால் வரும், அதில் இருப்பது மதிப்பீடு. சின்ன வித்தியாசத்துக்குக் கப்பலின் சாய்வோ, ஹோஸில் காற்று புகுந்து ஓட்டமானி ஓடியதோ காரணமாக இருக்கும். பெரிய வித்தியாசம் வந்தால் கழிவை இறக்குவதற்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து டேங்கை அளந்தீர்களா என்று பாருங்கள். அளக்காமல் விட்டிருந்தால் பிறகு எந்த வாதமும் நிற்காது. ரசீதில் வாங்கிய அளவை மட்டும் எழுதுங்கள், கப்பல் தன் எண்ணெய்ப் பதிவேட்டுக்கு அதைத்தான் ஆதாரமாக வைக்கும். படிவத்தில் பில்ஜ் நீர் என்று இருந்து, பாட்டிலில் வேறு ஏதாவது தெரிந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் பம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, மாதிரியை இருவர் முன்னிலையில் சீல் வையுங்கள். டேங்கில் கலந்த பிறகு அது உங்கள் தண்ணீராகிவிடும்.